தலைவருக்கு வீடு, ஊருக்கு வெளி

கொழும்பு காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையில் ஒரு கல் நிற்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் 1856இல் தொடக்கி 1859இல் முடித்த நடைபாதை இது. கொழும்பின் பெண்களும் பிள்ளைகளும் பயன்பெற இதைப் பேணுங்கள் என்று பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொள்வதே அந்தக் கல்லில் உள்ள செய்தியின் சாரம். எங்களை ஆண்ட வெள்ளையர் எங்களைக் கேட்டு ஆளவில்லை. ஆனாலும் அந்தக் கல்லில் ஒரு நியாயம் இருக்கிறது. பொது வெளி என்பது ஓர் ஆட்சியாளர் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டிய பொறுப்பு. அதில் எவரும் தன் பெயரை நட்டு உரிமை கொண்டாட முடியாது.

நான் பாலையூற்றுக்காரி. திருகோணமலையில் நூலக வேலையிலேயே என் உத்தியோக காலம் போனது. நூலகம் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் மற்ற எவரையும்விட அதிகம் சந்தோஷப்படுகிறவள் நான். அப்படிப்பட்ட நானே, ஒரு தலைவரின் பெயரில் நூலகமோ நினைவகமோ பொதுப் பூங்காவிலோ கடற்கரையிலோ எழக்கூடாது என்று சொல்ல வருகிறேன். அதற்கான காரணங்கள் வரலாற்றிலேயே இருக்கின்றன.

சனாதிபதி நூலகம் என்ற வழக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தன் கடிதங்களையும் கோப்புகளையும் நாட்டுக்கே கொடுத்துவிட்டு, அவற்றை வைப்பதற்கு ஹைட் பார்க்கில் தன் குடும்பக் காணியிலிருந்தே நிலமும் கொடுத்தார். 1941இல் அந்த நூலகம் திறக்கப்பட்டது. 1955இல் இதற்கென ஒரு சட்டமும் வந்தது. பிறகு இடம் பற்றிய சண்டைகள் தொடங்கின. ஜோன் கென்னடியின் நூலகத்தை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் கேம்பிரிட்ஜ் நகரில் கட்ட எண்ணினார்கள். அந்த நகரத்து ஆட்கள் வாகன நெரிசலையும் சனக்கூட்டத்தையும் காட்டி எதிர்த்தார்கள். கடைசியில் பொஸ்டனின் கொலம்பியா முனையில், கடலோரமாக, 1979இல் அது திறக்கப்பட்டது. அயலவர்கள் வேண்டாம் என்றதற்காக ஒரு சனாதிபதியின் நூலகம் இடம் மாறியது. அதனால் கென்னடியின் புகழில் ஒரு மாற்றுக் குறையவில்லை.

ஒபாமாவின் விடயம் வேறு மாதிரிப் போனது. சிக்காகோவின் ஜாக்சன் பூங்கா, பிரெடெரிக் லோ ஒல்ம்ஸ்டட் வகுத்த பூங்கா; 1893இன் உலகக் கண்காட்சி நடந்த இடம். அதில் 19 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை 99 வருடத்துக்கு, பத்து டொலருக்கு, ஒபாமாவின் அறக்கட்டளைக்கு நகரம் கொடுத்தது. 2018இல் ஒரு குடிமக்கள் அமைப்பு வழக்குப் போட்டது. பொதுமக்களின் பெயரில் நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கும் நிலத்தை ஒரு தனி அமைப்புக்கு எழுதிக்கொடுக்க நகரசபைக்கு உரிமை இல்லை என்பது அவர்களின் வாதம். நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. 2021இல் வேலை தொடங்கியது. ஒபாமாவின் அரச ஆவணங்களின் மூலப்பிரதிகளோ அங்கே வைக்கப்படவில்லை. அவை தேசிய சுவடிகள் காப்பகத்தின் பொறுப்பிலேயே இருக்கின்றன. பூங்காவுக்குள் எழுந்தது அருங்காட்சியகமும் கோபுரமும், கூடவே நகர நூலகத்தின் ஒரு கிளையும். அந்த வட்டாரத்துக்கு வேலையும் வருமானமும் வரும் என்று ஆதரித்தவர்களும் உண்டு. அவர்களில் பலர் காலம்காலமாகக் கவனிக்கப்படாத கறுப்பின மக்கள். அவர்களின் ஆசை நியாயமானது. ஆனால் அந்த வேலையும் வருமானமும் பூங்காவுக்கு வெளியே, அதே வட்டாரத்தின் வெறும் காணியில் கட்டியிருந்தாலும் வந்திருக்கும்.

99 வருடக் குத்தகை என்று கேட்டதும் இலங்கையில் இருப்பவர்களுக்கு அம்பாந்தோட்டைத் துறைமுகம் ஞாபகம் வரும். அவ்வளவு நீண்ட குத்தகையின் பொருள், கையெழுத்து வைத்தவரின் பேரப்பிள்ளைகூட அந்த நிலத்தைத் திரும்பக் காணமாட்டார் என்பதுதான்.

எங்கள் நாட்டிலும் ஒரு சனாதிபதி நூலகம் இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. கொழும்பு 7, தர்மபால மாவத்தையில் ஜே.ஆர். ஜெயவர்தன நிலையம். அவரது பெற்றோர் வாழ்ந்த வீடு அது. 1988இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி அமைந்தது. அவர் சேர்த்த புத்தகங்களும் ஆவணங்களும் கிடைத்த பரிசுப் பொருட்களும் அங்கே இருக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோதும், 1983 ஜூலையிலும் இந்த நாட்டின் சனாதிபதியாக இருந்தவர் அவர். எரிந்த நூலகத்தின் துயரத்தோடு வளர்ந்த ஒரு தமிழ் நூலகப் பணியாளராக இதைச் சொல்கிறேன்: அவருடைய தாள்கள் பேணப்படத்தான் வேண்டும். அதிகாரத்தில் இருந்தவர் எந்த நாளில் எதை வாசித்தார், எதில் கையெழுத்திட்டார், எந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டார் என்பதற்கெல்லாம் சாட்சி அவரது சொந்தக் கோப்புகளிலேயே கிடக்கும். நியாயம் கேட்கிறவர்களுக்கு அந்தக் கோப்புகள் வேண்டும். அதற்கு ஒரு பூங்கா தேவைப்படவில்லை. ஒரு குடும்ப வீடு போதுமாக இருந்தது.

மெதமுலனவில் மகிந்த, கோட்டாபய சகோதரர்களின் தந்தை டி.ஏ. ராஜபக்சவுக்கு எழுந்த நினைவகத்தின் கதை இதற்கு நேர் எதிர். பொதுப் பணம் அதற்குள் போனதாகத் தொடுக்கப்பட்ட வழக்கு, கோட்டாபய ராஜபக்ச 2019இல் சனாதிபதியானதும் நின்றுபோனது. 2022 மே மாதம் மக்கள் கோபம் கட்டுமீறியபோது அந்த நினைவகம் தாக்கப்பட்டது. வன்முறையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஊரின் மனதில் சந்தேகத்தோடு எழும்பிய நினைவிடம் ஊரின் பாதுகாப்பைப் பெறாது.

இனிக் கடலுக்கு அக்கரைக்குப் போவோம். சென்னையின் மெரினா நடைபாதையும் காலிமுகத்திடலைப் போலவே ஓர் ஆளுநரின் வேலை. 1884இல் கிராண்ட் டஃப் அமைத்தது. 1969 பெப்ரவரியில் அண்ணா மறைந்தபோது கடல்போல் திரண்ட சனத்தின் கண்ணீருக்கு நடுவில் அந்தக் கடற்கரையில் அவரை அடக்கம் செய்தார்கள். அன்று எவரும் சட்டம் பேசவில்லை, பேசியிருக்கவும் முடியாது. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். 2016 டிசம்பரில் ஜெயலலிதா. ஒவ்வொரு முறையும் முந்தியதைக் காட்டியே அடுத்தது நடந்தது. 2018 ஓகஸ்ட் 7ஆம் திகதி கலைஞர் மறைந்தபோது, மெரினா பற்றிய வழக்குகள் இருப்பதாகச் சொல்லி அரசாங்கம் அங்கே இடம் தர மறுத்தது. கிண்டியில் காந்தி மண்டபத்துக்கு அருகே இரண்டு ஏக்கர் தருவதாகச் சொன்னது. நள்ளிரவில் உயர் நீதிமன்றத்தின் கதவு தட்டப்பட்டது. மறுநாள் காலை தீர்ப்பு வந்தது. அண்ணாவின் பக்கத்தில் கலைஞர் அடக்கமானார்.

அந்த இரவில் நானும் தொலைக்காட்சி முன்னால்தான் இருந்தேன். கலைஞரின் தமிழைக் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. அழுதேன். ஆனால் அந்த வழக்கில் இரண்டு பக்கமும் பேசிய நிலங்களைக் கவனியுங்கள். ஒன்று மெரினா, ஊரின் கடற்கரை. மற்றது கிண்டி; ஊரின் காடு. புள்ளிமானும் வெளிமானும் மேய்ந்த கிண்டிக் காட்டிலிருந்துதான் 1950களில் காந்தி மண்டபத்துக்கு நிலம் வெட்டி எடுத்தார்கள். ராஜாஜி, காமராஜர் நினைவிடங்களும் அங்கேயே வந்தன. ஐ.ஐ.டி.க்கும் அதே காட்டிலிருந்துதான் நிலம் போனது. மிஞ்சிய கிண்டி தேசியப் பூங்கா மூன்று சதுர கிலோமீற்றருக்கும் குறைவு. தலைவர்களை எந்தப் பொது நிலத்தில் வைப்பது என்பதே அன்றைய தர்க்கமாக இருந்தது. பொது நிலம் அல்லாத ஓர் இடத்தை எவரும் முன்வைக்கவில்லை.

பிறகு பேனாவின் கதை. கலைஞரின் நினைவாக மெரினாவிலிருந்து 360 மீற்றர் தூரத்தில், கடலுக்குள், 134 அடி உயரத்தில் ஒரு பேனா நிறுவுவதற்கு 81 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள். 2023 ஜனவரி 31ஆம் திகதி கலைவாணர் அரங்கில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. கூச்சல், வாக்குவாதம், தள்ளுமுள்ளு. அந்தக் கடலில் வலை போடும் மீனவர்கள் எதிர்த்துப் பேசினார்கள். துறைமுக ஊரில் பிறந்த எனக்கு அவர்களின் பேச்சு விளக்கம் இல்லாமலே புரிந்தது. கரைக்குக் கிட்டிய கடல் சிறிய தோணிக்காரரின் வயல். அதில் ஒரு மேடையைக் கட்டினால் நீரோட்டம் மாறும், வலை போடும் இடம் மாறும். வீட்டில் உலை கொதிப்பதும் அதோடு மாறும்.

அதே தமிழ்நாடு நல்ல வழியையும் காட்டியிருக்கிறது. அண்ணாவின் நூற்றாண்டை ஒட்டி 2010 செப்டெம்பர் 15ஆம் திகதி கோட்டூர்புரத்தில் திறந்த நூலகத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிற பெடியள் காலையிலிருந்து இரவு வரை இருக்கிறார்கள். மதுரையில் 2023 ஜூலை 15ஆம் திகதி கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தது. இவை தலைவர்களின் பெயரில் இருந்தாலும் வாசகர்களின் இடங்கள். ஆனால் ஆட்சி மாறிய கையோடு 2011இல் அண்ணா நூலகத்தைச் சிறுவர் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அன்றைய அரசாங்கம் அறிவித்ததையும் மறக்கக்கூடாது. நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது தப்பியது. ஒரு கட்சியின் பெருமையோடு கட்டிப்போட்ட நூலகம் அடுத்த கட்சியின் கோபத்துக்கு ஆளாகும்.

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் நெருக்கமானது யாழ்ப்பாணம். 1933இல் க.மு. செல்லப்பா தன் வீட்டிலேயே தொடங்கிய சிறிய வாசிகசாலை, அடுத்த ஆண்டு ஒரு வாடகை அறைக்குப் போனது. அருட்தந்தை லோங் போன்றவர்கள் ஊரோடு சேர்ந்து காசு சேர்த்தார்கள். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் ஆலோசனை கிடைத்தது; சென்னையிலிருந்து நரசிம்மன் கட்டட வரைபடம் போட்டார். 1954 மார்ச் 29ஆம் திகதி அடிக்கல். 1959 ஒக்டோபர் 11ஆம் திகதி திறப்பு. முற்றவெளியை அண்டிய பொது இடத்தில்தான் அதுவும் எழுந்தது. அப்படியானால் என் வாதத்துக்கு அது எதிர்ச் சாட்சியா? இல்லை என்றே நினைக்கிறேன். அந்த நூலகத்தை ஊர் கேட்டது, ஊர் காசு போட்டது. அதற்கு எந்தத் தலைவரின் பெயரும் வைக்கப்படவில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் என்றே இருந்தது. 97,000 புத்தகங்களோடு 1981இல் அது எரிந்தபோது, எரிந்தது எங்களுடையது என்று மலையகத்திலிருந்து மட்டக்களப்பு வரை அழுதார்கள். ஒரு தனிமனிதரின் நினைவகம் எரிந்திருந்தால் அந்தக் கண்ணீர் வந்திருக்குமா?

திருகோணமலைக்காரருக்கு இந்த விடயம் வெறும் தத்துவம் கிடையாது. எங்கள் துறைமுகத்தைச் சுற்றிய காணியில் பெரும்பகுதி கடற்படைக்கும் இராணுவத்துக்கும் துறைமுக அதிகாரசபைக்கும் போனது. கோணேசர் கோவிலுக்குப் போகும் பாதையே பிரெடெரிக் கோட்டை வாசல் வழியாகத்தான். மிச்சம் இருக்கிற வெளிகள் கொஞ்சம். அவற்றில் பின்னேரங்களில் பிள்ளைகள் பந்தடிப்பார்கள். கச்சான் விற்கிற பெண்கள் கடலைப் பார்த்தபடி இருப்பார்கள். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் பயமில்லாமல் நடுவே வந்து நிற்கும். ஒரு மான் பொலித்தீன் பையை மெல்வதைக் கண்டு ஒரு சின்னப் பெண் ஓடிப்போய் அதன் வாயிலிருந்து பையை இழுத்தெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அவள் பாடசாலைச் சீருடையில்தான் இருந்தாள். மான் அவளை விட்டு அரை அடிகூட விலகவில்லை. இந்தப் பழக்கத்தை எந்தக் கட்டடமும் தரமுடியாது.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1957 பெப்ரவரி 4ஆம் திகதி, சுதந்திர தினத்தன்று, அங்கே கறுப்புக்கொடி ஏற்றப்போன நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே சந்தை, அதே பஸ் நிலையத்துச் சுற்றாடலில், 2005 மே மாதத்தில் ஓர் இரவில், பொதுக்காணியில், புத்தர் சிலை ஒன்று எழுந்தது. ஹர்த்தால், வழக்கு, முள்கம்பி வேலி, காவலுக்கு இராணுவம். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய வன்னியசிங்கம் விக்னேஸ்வரன் 2006 ஏப்ரல் 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். புத்தரிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் போதித்த பொறுமையும் கருணையும் எந்த ஊருக்கும் வேண்டியவை. ஊரைக் கேட்காமல், இரவில், எல்லாருக்கும் சொந்தமான நிலத்தில் ஒன்றை நிறுத்துகிற செயல்தான் என் கேள்வி. நிறுத்தியது சிலையாக இருந்தாலும், எங்களுடைய தலைவர் ஒருவரின் நினைவுத் தூணாக இருந்தாலும், நூலகமாகவே இருந்தாலும் கேள்வி அதேதான். எங்களுக்குச் செய்தபோது வலித்தது என்றால், நாங்கள் நேசிக்கிறவர்களின் பெயரிலும் அதைச் செய்யக்கூடாது.

என் தொழில் சார்ந்த ஒரு காரணமும் உண்டு. கடற்கரை புத்தகத்துக்கு ஆகாது. வாடைக்காற்று தொடங்கினால் தாள் ஈரம் குடித்து விரலில் ஒட்டும். அட்டை வளைந்து மேலெழும்பும். சஞ்சிகைகளின் முதுகில் குத்திய கம்பி துருப்பிடித்து, அந்தத் துரு பக்கம் பக்கமாக ஊறும். பிறகு கம்பியைக் கழற்றி நூலால் தைக்கவேண்டும். அலுமாரியின் கீழ்த்தட்டில் பூஞ்சணம் பிடிக்கும். துடைத்து, விசிறிக் காற்றில் விரித்து வைத்து, மறுபடி அடுக்கவேண்டும். இராமபாணப் பூச்சி துளைத்த பழைய வர்த்தமானியைத் தூக்கினால் தூளாகக் கொட்டும். ஒரு சனாதிபதியின் கைப்பட எழுதிய குறிப்புகளைக் கடலோரத்தில் வைக்கச் சொல்கிறவர், அந்தக் குறிப்புகளில் அக்கறை உள்ளவராக இருக்கமுடியாது. அவருக்கு வேண்டியது ஆவணத்தின் பாதுகாப்பைவிடக் கட்டடத்தின் எடுப்பு.

காலிமுகத்திடலுக்கே திரும்பினால் இன்னொரு வரலாறும் கிடைக்கும். 1956 ஜூன் 5ஆம் திகதி, சிங்களம் மட்டும் சட்டத்துக்கு எதிராகத் தந்தை செல்வாவும் அவரோடு இருந்தவர்களும் அந்தத் திடலில்தான் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், அடிவாங்கினார்கள். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பண்டாரநாயக்கவுக்குப் பிறகு அதே திடலோரத்தில் சோவியத் ஒன்றியம் அன்பளித்த பெரிய சிலை வந்தது. 2022 ஏப்ரலில் கோட்டாபயவைப் பதவி விலகக் கேட்ட அரகலயக்காரர்கள் அங்கே கோட்டா கோ கம என்ற பெயரில் கூடாரம் அடித்தபோது, ஒரு கூடாரத்தில் நூலகம் தொடங்கினார்கள். ஆட்கள் வீட்டிலிருந்து புத்தகங்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். மே 18ஆம் திகதி அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறப்பட்டது. சிங்களப் பிள்ளைகளும் வாங்கிக் குடித்தார்கள். ஜூலை 22ஆம் திகதி விடியற்காலையில் இராணுவம் நுழைந்து கூடாரங்களைப் பிரித்தது. அந்தத் திடல் வெறுமையாக விடப்பட்டிருந்ததால்தான் 1956இலும் 2022இலும் மக்கள் அங்கே கூடமுடிந்தது. அதை நினைவகங்களால் நிரப்பியிருந்தால் அந்த இரண்டு வரலாறும் நடப்பதற்கு இடமே இருந்திருக்காது. பொது வெளியைப் பாதுகாப்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என்ன செய்யலாம்? இந்தியா சில விடைகளைக் கண்டிருக்கிறது. நேரு வாழ்ந்த தீன் மூர்த்தி மாளிகை 1964இல் அவர் மறைந்த பின் நினைவகமும் நூலகமும் ஆனது. இன்று எல்லாப் பிரதமர்களுக்குமான நூலகமாக விரிந்திருக்கிறது. யமுனைக்கரையில் ஒவ்வொரு தலைவருக்கும் தனித்தனியாக நிலம் கொடுத்துக் கொடுத்து இடம் குறைந்ததும், 2013இல் பொதுவான ஒரே நினைவு வளாகம் என்று முடிவெடுத்தார்கள். எங்கள் நாட்டில் 2025 செப்டெம்பரில் முன்னாள் சனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் வந்தது. மகிந்த ராஜபக்ச விஜேராம மாவத்தை வீட்டை விட்டுப் போனார். அப்படிக் காலியான அரச வீடு ஒன்றை எல்லாச் சனாதிபதிகளின் ஆவணங்களுக்குமான ஒரே நூலகமாக்குங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் பட்டியல் இருக்கட்டும். காணாமல் போன மகனைத் தேடும் தாய் ஒருத்தி அங்கே போய்க் கோப்பு கேட்டால், கேட்டது கையில் வரவேண்டும். சனாதிபதி நூலகத்தின் பெறுமதியை நான் அளப்பது அந்த ஒன்றை வைத்துத்தான்.

என் ஊருக்கும் ஒரு கோரிக்கை இருக்கிறது. எங்கள் எல்லைக்குள் எந்தெந்தக் காணி பொதுக்காணி, அதன் பரப்பளவு என்ன, எது யாருக்கு எத்தனை வருடத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலை வரைபடத்தோடு உள்ளூராட்சி சபை வெளியிடவேண்டும். அதை ஒவ்வொரு நூலகத்தின் வாசலிலும் தொங்கவிடவேண்டும். பாலையூற்றிலிருந்து உப்புவெளி வரை. அதில் ஒரு துண்டில் எதையாவது கட்ட எவராவது விரும்பினால், அது எங்கள் மனதுக்கு எவ்வளவு பிடித்த பெயராக இருந்தாலும், முதலில் பகிரங்க அறிவித்தல், பிறகு பகலில் ஒரு கூட்டம், பிறகு சபையில் பெயர் குறித்த வாக்கெடுப்பு. இந்த மூன்றும் நடக்காமல் ஒரு செங்கல்கூட வைக்கப்படக்கூடாது.